காற்றுக்கு ஜி.எஸ்.டி.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் போகும் ரோட்டில் மாமாவுக்கு லாரிப் பட்டறை இருந்தது. பள்ளிக்கூட லீவில் எனக்கு அங்கே ஒரு பதவி உண்டு. டிரைவர் சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு, அவர் சொல்லும்போது பிரேக் பெடலை மிதிக்க வேண்டும், சொல்லும்போது விட வேண்டும். சம்பளம் ஒரு டீ, ஒரு பன்.

1986-ல் டாடா 407 வந்து, பின்னாலேயே சின்ன லாரிகள் பெருகியபோது இந்தப் பதவிக்கு மவுசு கூடிவிட்டது. ஏர் பிரேக் வைத்த பெரிய லாரிகளுக்குக் காற்று இல்லாவிட்டால் பிரச்சினை; ஆயில் பிரேக் வைத்த சின்ன லாரிகளுக்குக் காற்று இருந்தால் பிரச்சினை. ஆயிலை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காமல், மிதித்த பலத்தை அப்படியே பிரேக் ஷூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பைப்புக்குள் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், முதலில் குமிழிதான் சுருங்கும். பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

மாமா நோயைக் காலால்தான் கண்டுபிடிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, மூன்று நான்கு முறை பம்ப் அடிப்பார். பெடல் மேலே வந்து கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். டைட் வைத்தால் போதும். மேலே வந்தும் பன்னை மிதிப்பதுபோல் அமுங்கினால் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கி, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் பக்கெட் தேய்ந்திருக்கிறது. வீலின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் காலுக்கும் வேலையில்லை, கண்ணே போதும்.

காற்று என்று தெரிந்ததும் என் பணி தொடங்கும். மாமா வண்டிக்கடியில் படுத்துக்கொள்வார். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின்பக்க இடது வீல் முதலில். கடைசியில் முன்பக்க வலது வீல். காற்றை வெளியே விடும் நிப்பிளில் ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கிவிட்டுக் குரல் கொடுப்பார்.

"மாப்ளே, பம்ப் அடி... அடி... புடி. உடாத."

நிப்பிளைத் திறந்ததும் பாட்டிலில் குமிழி கொப்பளிக்கும், என் கால் தரையைத் தொடும். அவர் நிப்பிளை மூடி "ம், உடு" என்னும் வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று டியூப் வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும். அப்போது கீழே இருந்து வரும் சொற்களை இங்கே எழுத முடியாது.

ஆனால் அந்தப் பட்டறையைக் கோயிலாக்கிவிட எனக்கு மனமில்லை. பாட்டிலில் சேர்ந்த கறுப்பு ஆயிலை ராத்திரி தெளியவைத்து, மறுநாள் அடுத்த வண்டிக்கு ஊற்றுவார்கள். ஆயில் டின் மூடியில்லாமல் அலமாரியில் நிற்கும். கொல்லிமலையில் அன்னாசி ஏற்றி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கிவரும் டிரைவர்கள், பாதி மலையில் பெடல் காணாமல் போனதாகவும், ஓரங்கட்டி டீ குடித்து முடித்ததும் அதுவே திரும்பி வந்ததாகவும் சொல்வார்கள். எட்டுக்கை அம்மன் கருணை என்பது அவர்கள் முடிவு. மலைக்காற்று லைனில் ஏறிவிடுகிறது என்பது மாமா முடிவு.

உண்மையில் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பே 140 டிகிரிதான். இறக்கத்தில் டிரம் சூடேறினால் ஆயில் ஆவியாகிக் குமிழி கட்டும். ஆறினால் குமிழி மறையும். ஆக, மாமா சொன்னது பாதி சரி. காற்றின் வேலைதான். ஆனால் அது மலைக்காற்று அல்ல, அவருடைய அலமாரிக் காற்று.

இப்போது நானே முட்டை ஏற்றும் சின்ன லாரி ஒன்று வைத்திருக்கிறேன். ஏ.பி.எஸ். உள்ள வண்டி, முன்னால் டிஸ்க் பிரேக். டிஸ்க்கை இறுக்கும் காலிப்பர் இரண்டையும் கழற்றி வேலை பார்த்த சில நாளில் பெடல் அமுங்கியது. வேலை பார்த்த சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். ஏ.சி. ஹால், காபி மெஷின், உள்ளே வரக் கூடாது என்ற மஞ்சள் கோடு. லேப்டாப்பைச் செருகிப் பார்த்து, "எந்த ஃபால்ட்டும் காட்டலைங்க சார்" என்றார்கள். காட்டாதுதான். வீல் சுற்றும் வேகத்துக்கு சென்சார் உண்டு, குமிழிக்கு ஏது?

லேப்டாப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று மாட்டிக்கொண்டால், அதன் வால்வுகளைத் திறந்து பம்பை ஓடவிட அது வேண்டும். எத்தனை மாப்பிள்ளைகள் மிதித்தாலும் பயனில்லை. அதையும் செய்தார்கள். ஆயில் டப்பாவின் மேல் ஒரு மெஷினைப் பூட்டி, புது ஆயிலை அழுத்தி அனுப்பினார்கள். பெடல் மிதிக்க ஆளே தேவையில்லை. என் பழைய பதவியை ஒழித்துவிட்டார்கள். இவ்வளவும் செய்த பிறகும் பெடல் பழைய பன்தான். மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற எஸ்டிமேட் போட்டார்கள்.

பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஒருவன் செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்துவிட்டு, "நிப்பிள் கீழ இருக்குதுங்களே" என்றான். முதல் வேலையில் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே நிற்க, வழி கீழே இருந்தது. எத்தனை லிட்டர் ஆயில் ஓட்டினாலும் அது ஏன் இறங்கி வரும்? மாற்றி மாட்டினார்கள், பெடல் கல்லாக நின்றது. பில்லில் காற்று எடுத்த கூலி, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கண்டுபிடித்த பையனுக்கு டீயாவது கிடைத்ததா தெரியவில்லை.

மாமாவிடம் பில் கிடையாது. விதி ஒன்று உண்டு. பெடல் மிதித்தவனும் ட்ரையலுக்கு வண்டியில் ஏற வேண்டும். இறக்கத்தில் அவர் வண்டியை விடும்போது, நான் காலை ஒழுங்காகப் பிடித்திருந்தேனா என்பது எனக்கே தெரிந்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் இருந்து மறுநாள் ஒரு பெண் போன் செய்தார். வரவேற்பு எப்படி, ஹால் சுத்தமா, காபி எப்படி என்று வரிசையாகக் கேட்டு, பத்துக்கு எத்தனை மார்க் என்றார். எல்லாவற்றுக்கும் பத்து கொடுத்துவிட்டு, "பிரேக்கைப் பத்திக் கேக்கலீங்களே?" என்றேன்.

"அது லிஸ்ட்ல இல்லைங்க சார்."