பின்னால் வரும் மீன்

என் மச்சான் மீன் பிடிக்கப் போவதில்லை, லூர் மாற்றப் போகிறான். இடையில் கை ஒழிந்தால் தண்ணீரிலும் வீசுவான். எர்ணாகுளம் மரைன் டிரைவ் நடைபாதையில் சாயங்காலம் போனால் அவனைப் பார்க்கலாம். காயலுக்கு முதுகு காட்டிக் குந்தியிருப்பான். மடியில் நாலு தட்டுப் பெட்டி, பல்லில் தூண்டில் நரம்பு. அந்தக் காயலில் உள்ள மீன் எதுவும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

லூர் என்றால் பொய் இரை. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் செய்த மீன்குஞ்சு, தவளை, இறால். கூடவே ஸ்பூன் என்றொரு மின்னும் தகடு. வெர்மான்ட்டில் ஜூலியோ புயெல் என்பவர் படகில் உட்கார்ந்து சாப்பிடும்போது கரண்டி கை தவறி ஏரியில் விழுந்ததாம், ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். கதை எப்படியோ, 1852இல் மனிதர் காப்புரிமை வாங்கிவிட்டார். பின்லாந்தின் லாரி ராப்பாலா 1936இல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கினார், சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளை அதன்மேல் ஒட்டினார், பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். ஆக, வீட்டுக் குப்பைக்கூடையில் பிறந்த சரக்கு இது. இன்று அதன் பேரப்பிள்ளைகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி விற்கிறார்கள்.

மச்சானின் சட்டம் எளிது. மூன்று வீச்சில் மீன் வரவில்லையென்றால் லூர் தப்பு. என் சட்டம் அதைவிட எளிது. கட்டியதை அவிழ்க்காதே. இதற்குப் பின்னால் ஏதோ ஞானம் இருப்பதாக அவன் நினைக்கிறான். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்தி வெளிச்சத்தில் நரம்பின் முனை தெரிவதில்லை என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அவனுக்கு வேதம் விஸ்கான்சினிலிருந்து வருகிறது. அங்கே ஏரிகளில் மஸ்கி என்றொரு மீன். நீண்ட உடம்பு, வாய் நிறையப் பல், மனம் நிறையச் சந்தேகம். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த நாளும் போவார்கள். 1949இல் கால் ஜான்சன் பிடித்த மஸ்கி 67 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 30 கிலோவுக்கு மேல். சர்வதேச மீன்பிடி விளையாட்டுச் சங்கத்தின் பட்டியலில் இன்றைக்கும் அதுதான் முதல். 1955இல் மஸ்கியை விஸ்கான்சினின் மாநில மீனாகவே ஆக்கிவிட்டார்கள்.

மஸ்கியின் கொடுமை அது கடிக்காததில் இல்லை. பின்னால் வருவதில் இருக்கிறது. லூரை ஒட்டியே படகுவரை நீந்தி வரும். லூரை ஒரு பார்வை, மேலே நிற்கும் மனிதனை ஒரு பார்வை. பிறகு, பெண் பார்க்க வந்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று எழுந்துபோகும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, வாலை ஆட்டிக்கொண்டு இறங்கிவிடும். கரையேறிய மனிதருக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு. நிறத்தை மாற்றியிருக்கணுமா, அளவை மாற்றியிருக்கணுமா, எப்போது மாற்றியிருக்கணும்?

கொச்சிக் காயலில் மஸ்கிக்கு இணை கொடுவா. மலையாளிகளுக்குக் காளாஞ்சி. பாலத் தூண், ஜெட்டிக் கட்டை என்று நிழல் எங்கே உண்டோ அங்கே ஒளிந்திருந்து அடிக்கும். ஆணாகப் பிறந்து, சில வருஷம் அப்படியே இருந்து பார்த்துவிட்டு, பிறகு பெண்ணாக மாறிக்கொள்ளும் மீன். மரைன் டிரைவின் வடக்குப் பக்கம் உயர்நீதிமன்றத்துக்கு அருகில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947இல் பிறந்து, மண்டபத்திலிருந்து 1971இல் கொச்சிக்குக் குடிவந்தது, எங்களைப் போலவே பிழைப்புக்கு வந்த தமிழ்நாட்டுக்காரர். மச்சான் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

லூர் வாங்க நாங்கள் போவது பிராட்வே. மரைன் டிரைவிலிருந்து சண்முகம் ரோட்டைக் கடந்தால் வந்துவிடும். கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி திவானாக இருந்தவர், பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அவர் பேர் வைத்த சாலையை ஒவ்வொரு முறையும் பணத்தோடு கடந்து போய்ப் பணமில்லாமல் திரும்பக் கடக்கிறோம். பிராட்வே என்பது பேரளவில்தான் அகலம். ஒரு தலைச்சுமை வந்தால் ரெண்டு பேர் கடைக்குள் ஏறி வழிவிட வேண்டும். அப்படி வழிவிட ஏறினவர்களில் பாதிப் பேர் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். துணி, குடை, எவர்சில்வர், பட்டாணி, பொம்மை. பக்கத்துச் சந்தில் நம் தூண்டில் கடை.

ஒரு மழை நாளில் மச்சான் அங்கே பச்சையா மஞ்சளா என்று விவாதித்துக்கொண்டிருக்க, நான் எதிரில் ஒரு துணிக்கடையில் ஒதுங்கினேன். அங்கேதான் எனக்குக் கண் திறந்தது.

இரண்டு விற்பனையாளர்கள். ஒருவன் புதுப் பையன். எதிரே நின்ற ஆள் ஒரு சட்டையைத் தொட்டதும் அடுத்ததை எடுத்தான், அதைப் பார்க்குமுன் அதற்கடுத்தது. நீலம், கோடு, கட்டம், பூ. மேஜைமேல் சட்டை மலை. வந்தவர் மலையை ஒரு தரம் பார்த்தார், மழையை ஒரு தரம் பார்த்தார், மழையே மேல் என்று இறங்கிப் போனார். மற்றவர் நரைத்தவர். தம் ஆளிடம் ஒரே ஒரு சட்டையைத்தான் விரித்தார். ஆள் தொட்டுப் பார்த்தார், முகம் சுளித்தார், யோசித்தார். நரைத்தவர் விலையைக் குறைக்கவில்லை, வேறு எடுக்கவும் இல்லை. "அது சாருக்கு சரியாவில்லா" என்று மெல்லச் சொல்லி மடிக்க ஆரம்பித்தார். ஒரு மடிப்பு, ரெண்டு மடிப்பு. சட்டை அலமாரியை நோக்கி நகர்ந்தது. ஆளின் கை தானாக நீண்டது. "நில்லுங்க, நில்லுங்க." டப்! கவ்விவிட்டார்.

மஸ்கிக்காரர்கள் படகோரத்தில் செய்வதும் இதுதான். மீன் பின்னால் வந்துவிட்டால் லூரைத் தண்ணீரைவிட்டு எடுக்கமாட்டார்கள். கம்பின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி எட்டுப் போடுவார்கள், வளைவில் வேகத்தைக் கூட்டுவார்கள். வேட்டை மீனுக்கு, நிற்கும் இரை சந்தேகம், ஓடும் இரை சோறு. பின்னால் வருகிற மீன் சரக்கு பிடித்துத்தான் வருகிறது. அதற்கு முன்னால் போய் சரக்கை மாற்றினால் புதுப் பையன் கதைதான். மீன் பின்னாலேயே வரவில்லையா? அப்போதும் லூரைக் குற்றம் சொல்லக் கூடாது. ஹர்த்தால் நாளில் பிராட்வேயில் நீலச் சட்டையைத் தொங்கவிட்டால் என்ன, பூப்போட்டதைத் தொங்கவிட்டால் என்ன? இடத்தை மாற்று, இல்லையென்றால் வீட்டுக்குப் போ.

இதை மச்சானிடம் விளக்கினேன். "அத்தான், நீங்க சட்டை எடுத்தீங்களா?" என்றான். மூன்று எடுத்திருந்தேன்.

மாற்றவே கூடாது என்றும் சொல்லவில்லை. ரப்பர் மீன்குஞ்சு வாலில்லாமல், கத்தரியால் நறுக்கினதுபோல் திரும்பி வந்தால், கீழே பேத்தைகள் பந்தி உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அதற்குமேல் ரப்பரைக் கட்டுவது அன்னதானம். கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாறுவதே புத்தி. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தோடு ஆகாயத்தாமரை மந்தை மந்தையாக இறங்கி வரும். முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற லூரை அப்போது வீசினால் தோட்ட வேலைதான் நடக்கும். தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கியிருந்தால் பளிச்சென்ற நிறமும், உள்ளே மணி குலுங்குகிற வகையும் எடுபடும். இவையெல்லாம் தண்ணீர் சொல்கிற காரணங்கள். மச்சான் மாற்றுவது தண்ணீர் கேட்டு அல்ல, கை அரித்து. முன்பெல்லாம் மாற்ற வேண்டுமென்றால் நரம்பை வெட்டி மறுபடி முடிச்சுப் போடணும், அந்தச் சோம்பலிலேயே மனிதன் நிதானமாக இருந்தான். நரம்பு முனையில் கொக்கி மாதிரி ஒரு கிளிப் வந்ததிலிருந்து நிதானம் போயிற்று.

எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு இக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன், உட்கார்ந்திருப்பார். மட்டாஞ்சேரிக்காரர். எர்ணாகுளம் மார்க்கெட்டில் சுமை இறக்கிய காலத்திலிருந்து வேலை முடிந்ததும் இந்தக் கரையில் தூண்டில் போட்டுவிட்டுப் படகேறுவது பழக்கம். வேலை நின்று போனது, பழக்கம் நிற்கவில்லை. கம்பு கிடையாது, கைநரம்பு. உயிர் இறால் ஒன்று, ஈயக்குண்டு ஒன்று. மச்சான் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தரமும், "மோனே, வெள்ளம் திரியட்டே" என்பார். தண்ணீர் திரும்பட்டும் என்கிறார். கொச்சியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் அத்தனை காயல் தண்ணீரும், கடலைத் தொடும் அழிமுகத்தின் குறுகிய வாய் வழியே போய்வருவதால் ஓட்டத்துக்குப் பலம் அதிகம். ஓட்டம் திரும்பினால் குஞ்சு மீன் நகரும், குஞ்சு நகர்ந்தால் பெரியது கிளம்பும். ஃபோர்ட் கொச்சியின் சீன வலைக்காரர்களும் இத்தனை காலமாக வலையையா மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்? தண்ணீர் மாறக் காத்திருக்கிறார்கள். மச்சான் அதற்கு, "அவங்ககிட்ட ஒரே வலைதானே இருக்கு" என்றான். வசதி இல்லாததால் வந்த பொறுமை என்பது அவன் கட்சி.

மழை விட்ட ஒரு சாயங்காலம். மச்சான் புதிதாக வாங்கிய ஆரஞ்சு நிற மீன்குஞ்சை மாட்டி, எங்கோ பார்த்துக்கொண்டு சுருட்டிக்கொண்டிருந்தான். லூருக்குப் பின்னால் ஒரு நிழல் வளைந்து வந்தது. மச்சானும் பார்த்துவிட்டான். கை பெட்டிப் பக்கம் போயிற்று.

"மாத்தாதே! மடி!" என்று கத்தினேன்.

"எதை மடிக்க?"

"வேகமா சுத்துடா!"

சுற்றினான். ஆரஞ்சு துள்ளி ஓடியது. நிழல் பாய்ந்தது. கம்பு வளைந்தது, இக்கா எழுந்து நின்றார், நடைபாதையில் பட்டாணி தின்றுகொண்டிருந்த குடும்பம் கூடிவிட்டது. மேலே வந்தது கொடுவா இல்லை, ஒரு பாரைக் குஞ்சு. அரைக் கிலோ தேறுமா என்பது சந்தேகம். அது கடித்த லூர் அதன் நீளத்தில் பாதி இருந்தது. பேராசையில் அது எங்கள் சாதிதான்.

உடனே வழக்கு ஆரம்பமாயிற்று. ஆரஞ்சு நிறத்துக்குத்தான் கடித்தது, அதே நிறத்தில் இன்னும் ரெண்டு அளவு வாங்கணும் என்றான் மச்சான். நிறமாவது மண்ணாவது, பிராட்வே துணிக்கடை வித்தை என்றேன் நான். கூட்டத்தில் ஒருவர் லூரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை கேட்டார், கேட்டதும் ஜாக்கிரதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

இக்கா நரம்பைச் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தார். "வெள்ளம் திரிஞ்ஞு பத்து மினிட் ஆயி. இப்போ நிங்ஙள் செருப்பு எறிஞ்ஞாலும் மீன் கடிக்கும்."

மச்சான் பேச்சை நிறுத்தினான். தண்ணீரைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் குனிந்து என் காலைப் பார்த்தான்.

"அத்தான், இது என்ன பிரவுனா, மெரூனா?"