சொம்பு சாய்ந்துவிட்டால் என்ன எழுதலாம்?

பித்தளைச் சொம்பு, இரண்டு கத்தரிக்காய், ஒரு வெங்காயம், அடியில் மடிப்பு மடிப்பாய் விரித்த பழைய வேட்டி. சனிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து இவற்றை வரைந்தாயிற்று. வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பென்சில் பெட்டியை மூடும்போதுதான் மாஸ்டர் ஒரு தாளை நீட்டுவார். படத்தை வரையும்போது நீங்கள் கவனித்தது என்ன, கற்றது என்ன, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்று அதில் கேள்விகள் இருக்கும். அரசுத் தேர்வுக்கு லோயர், ஹையர் என்று மாடல் டிராயிங் பழகியவர்களுக்கு இந்த வம்பு இருந்ததில்லை. டிராயிங் மாஸ்டர் எட்டிப் பார்ப்பார், "என்னப்பா, சொம்பு விழுந்துடும்போல இருக்கே" என்பார், அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். இப்போது அதே வாக்கியத்தை நமக்கு எதிராக நாமே அரைப் பக்கத்துக்கு எழுத வேண்டியிருக்கிறது. மானம் போகாமல் அந்த அரைப் பக்கத்தை நிரப்ப நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

முதல் காரியம், படத்தைப் பார்க்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு மேலோட்டமாகப் பார்ப்பதில் தவறில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாலடி பின்னால் போனீர்களோ, தொலைந்தீர்கள். அதைவிட ஆபத்து கண்ணாடி. வரையும் படத்தை அடிக்கடி கண்ணாடியில் திருப்பிப் பார்க்கும்படி ஓவியர்களுக்கு லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் யோசனை எழுதி வைத்திருக்கிறார். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துச் சொம்பின் சாய்வு உங்கள் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். கண்ணாடியில் அது எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும்போது பழக்கமெல்லாம் கலைந்து, புதிதாக வந்தவர் பார்ப்பதுபோல் பார்த்துவிடுவீர்கள். செல்போனில் படம் எடுத்து இடவலமாகத் திருப்பினாலும் இதே கதிதான். கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் கூடாது. இடுக்கினால் சின்னச் சின்ன விவரங்கள் மங்கி, எது இருட்டு எது வெளிச்சம் என்பது மட்டும் நிற்கும். அப்போது உங்கள் படத்தில் இருட்டு என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் ஒரே சாம்பல் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, சொம்பின் வாய். இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது. எழுதினால் அடிப்பாகத்தைப் பற்றியும் எழுத வேண்டி வரும். நடந்தது இதுதான்: சொம்பு உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே, தாழ்வான ஸ்டூலில் இருந்தது. அதன் வட்டமான வாய் நீள்வட்டமாகத் தெரிந்தது. அடிப்பாகம் கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். ஆனால் சொம்பு தரையில் ஆடாமல் நிற்கும் பொருள் என்பது உங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆகவே அடியில் ஸ்கேல் வைத்தமாதிரி ஒரு நேர்கோடு இழுத்தீர்கள். சொம்புக்குள் தண்ணீர் மொள்ள வாய் அகலமாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே வாயைத் தாராளமாகத் திறந்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் கூர்மையாக முடித்தீர்கள். நீள்வட்டத்துக்கு முனையே கிடையாது, ஓரத்திலும் அது வளைந்துதான் திரும்பும். விளைவு, வாயை மாடியிலிருந்தும் அடியைத் தரையில் படுத்துக்கொண்டும் பார்த்தாற்போல் ஒரு சொம்பு. எதிரே இருந்த சொம்பைவிட, மூளைக்குள் ஏற்கெனவே இருந்த சொம்புதான் தாளில் இறங்கியிருக்கிறது. தாளில் இதை எப்படி எழுதுவது? "பாரம்பரியப் பாத்திரங்களின் வடிவ அழகை உணர்ந்தேன்" என்று எழுதுங்கள். மாஸ்டருக்கும் கை நிறையத் தாள்கள் இருக்கின்றன.

சாய்வு ரொம்ப அப்பட்டமாக இருந்தால் மட்டும் செசானைக் கூப்பிடலாம். பால் செசான் 1893-ஐ ஒட்டி வரைந்த ஆப்பிள் கூடை ஓவியம் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் புட்டி நன்றாகவே சாய்ந்து நிற்கும். மேசையின் முன்விளிம்பு துணிக்கு இடப்பக்கம் ஓர் உயரத்திலும் வலப்பக்கம் வேறோர் உயரத்திலும் இருக்கும். "நானும் பல கோணங்களை ஒரே தளத்தில் கொண்டுவர முயன்றேன்" என்று எழுதிவிட்டால் பாதிப் பக்கம் நிரம்பிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. செசானின் புட்டியை நிமிர்த்தினால் அந்தப் பக்கம் சரியும் கூடையையும் துணியையும் தாங்க ஆளில்லாமல் போய்விடும். உங்கள் சொம்பை நிமிர்த்தினால் படம் சரியாகிவிடும். மாஸ்டர் இந்த வித்தியாசம் தெரிந்தவராக இருந்தால், செசானை வெளியே எடுக்க வேண்டாம்.

ஒரே சாம்பலாக இருப்பதற்கு மொராண்டி இருக்கிறார். இத்தாலியின் பொலோன்யா நகரில் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் புட்டிகளையும் குடுவைகளையும் வரைந்துகொண்டிருந்த ஜியார்ஜியோ மொராண்டி (1890–1964) அவற்றின்மேல் தூசி படியட்டும் என்று விட்டுவைத்தார். பளபளப்பு அடங்கி, நிறங்கள் ஒன்றோடொன்று சாந்தமாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் சாம்பலுக்குக் காரணம் தூசி இல்லை. வகுப்பு முழுவதையும் ஒரே ஹெச்பி பென்சிலில் ஓட்டி, 4பி-யைத் தொடப் பயந்து, கடைசியில் விரலால் தேய்த்ததுதான். இருந்தாலும் மொராண்டி என்று எழுதினால் யார் மறுக்கப்போகிறார்கள்?

கத்தரிக்காய்கள் அந்தரத்தில் மிதப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். வேட்டிமேல் அவற்றின் நிழலைப் போட மறந்தால் அப்படித்தான் மிதக்கும். பொருளுக்குத் தரையைக் கொடுப்பது நிழல்தான். யாராவது கேட்டால், 1660-களில் பிரெஞ்சு ஓவிய அகாதமியைச் சேர்ந்த ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, பழங்களையும் பூக்களையும் வரைவதைக் கடைசிப் படியில் வைத்தார் என்று சொல்லுங்கள். கடைசிப் படிக்கு நிழல் எதற்கு?

"அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்?" என்ற கேள்விக்கு உங்களைத் தவிர எல்லாவற்றையும் எழுதலாம். தாள் சரியில்லை, ரப்பர் கறுப்பாக இழுத்தது, ஃபேன் காற்றில் வேட்டி மடிப்பு மாறியது. ஜன்னல் வெளிச்சம் ஒருபக்கம், மேலே டியூப்லைட் ஒருபக்கம் என்று எல்லாப் பொருளுக்கும் இரண்டிரண்டு நிழல் விழுந்தது என்பது நிஜமான குறைதான். ஆகவே அதைக் கடைசியில் வையுங்கள், மற்றவற்றையும் சேர்த்து நம்புவார்கள்.

ஒன்றை மட்டும் தவறியும் எழுதிவிடாதீர்கள். படத்தின் வலது மூலையில் வெங்காயம் இருக்கிறதே, அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். நிழல் பக்கம் முழுக்கக் கறுத்துப் போகாமல், கீழ் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய வெளிறல் இருக்கும். வேட்டியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து வெங்காயத்தின் அடியைத் தொட்ட இடம் அது. வகுப்பு முடியப் போகிறது, கை ஓய்ந்துவிட்டது, வெங்காயம் என்ற நினைப்பே போய்விட்டது. இந்த இடம் கொஞ்சம் கறுப்பு, அந்த இடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று மட்டும் பார்த்துப் பார்த்துப் போட்டீர்கள். அந்த வெங்காயம் வேட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது, எடுத்தால் கையில் கனக்கும். தாளில் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. எழுதினால், "அப்படியா? அடுத்த வாரம் வெங்காயம் மட்டும் வைக்கிறேன்" என்று மாஸ்டர் சொல்லிவிடுவார். சொம்பையும் அதே கண்ணால் பார்க்கச் சொல்வார். வாராவாரம் வரச் சொல்வார்.

தாளைக் கொடுத்தாயிற்றா? மிச்சம் இருப்பது கையெழுத்து. செசான் தன் படங்களில் அபூர்வமாகத்தான் கையெழுத்துப் போட்டார், அந்த ஆப்பிள் கூடையில் போட்டிருக்கிறார். நீங்களும் போடுங்கள். பெரிய எழுத்தில், தேதியோடு, சொம்பின் அடிக்கோடு ஓடும் இடத்தில், அந்தக் கோடு மறையும்படியாக.