நேரம் சரியில்லை, மாப்பிள்ளை

புனேக்குக் குடிவருகிற தமிழன் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மராட்டி இலக்கியம், இந்த ஊரின் பலகைகள்தான். சதாசிவ் பேட், நாராயண் பேட் பக்கம் பழைய வாடா வீடுகளின் கதவிலும் கடை முகப்பிலும் மாடிப்படியிலும் தொங்கும். அழைப்பு மணியை ஒருமுறை அடித்தால் போதும், உள்ளே இருப்பவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று ஒன்று. இங்கே வண்டியை நிறுத்தினால் காற்று இறக்கப்படும் என்று ஒன்று. விலாசம் விசாரிக்க இது தபால் ஆபீஸ் இல்லை என்று இன்னொன்று. படிக்கிறவன் மானம் போகும். ஆனால் எதைச் செய்யக்கூடாது, ஏன் கூடாது, மீறினால் என்ன நடக்கும் என்ற மூன்றும் இரண்டு வரியில் புரிந்துவிடும்.

இதே ஊரின் மேற்கு ஓரத்தில், ஹிஞ்சவடியில், கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து ஊர்ப்பட்ட பேர் மென்பொருள் எழுதுகிறோம். எங்களை ஒரு வாரம் சதாசிவ் பேட்டில் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால் உலகம் உருப்பட்டிருக்கும். ஒரு ப்ரோகிராம் இன்ஸ்டால் ஆகவில்லை என்றால் திரையில் என்ன வருகிறது? "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது." ஏதோ! விண்டோஸ் இன்ஸ்டாலரில் 1603 என்று ஒரு பிரசித்தி பெற்ற எண் உண்டு. அதற்கு அர்த்தம் தேடினால், இன்ஸ்டால் செய்யும்போது படுமோசமான பிழை நேர்ந்தது என்று விளக்கம் கிடைக்கும். அதுதான் பார்த்தாலே தெரிகிறதே ஐயா. இதையும் தாண்டி, சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, "பிழை: செயல் வெற்றிகரமாக முடிந்தது" என்று சொல்கிற பெட்டியையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காரணத்தோடு திட்டுகிறவனை நம்பலாம். காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கிறவனை நம்பவே கூடாது.

இந்த ஞானமெல்லாம் என் மாமனார் திருவாரூரிலிருந்து எங்கள் பிம்ப்ளே சௌதாகர் ஃப்ளாட்டுக்கு வந்து, தன் ஜாதக ப்ரோகிராமை என் பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் போட்டுத் தரச் சொன்னபோது முற்றியது. அவர் சொந்தபந்தங்களுக்கு இலவசமாக ஜாதகம் கணிப்பவர். விண்டோஸ் 98 காலத்தில் வாங்கிய சி.டி.யை வேட்டி மடிப்புக்குள் வைத்து, ரயிலில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதன் இன்ஸ்டாலர் 16 பிட் காலத்து ஆசாமி; 64 பிட் விண்டோஸ் அந்தத் தலைமுறையை வாசலிலேயே நிறுத்திவிடும். "இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது, வெளியிட்டவரை அணுகவும்" என்றது. சி.டி. உறையில் இருந்த வெளியிட்டவரின் தொலைபேசி எண்ணில் ஆறே இலக்கம்.

"நேரம் சரியில்லை, மாப்பிள்ளை" என்றார் மாமா. எனக்கா, கம்ப்யூட்டருக்கா என்று அவர் சொல்லவில்லை.

புதிய பதிப்பைக் காசு கொடுத்து வேறொரு லேப்டாப்பில் இறக்கிக் கொண்டுவந்து போட்டோம். அது விசி-ரன்டைம்-140 என்கிற டி.எல்.எல். கோப்பைக் காணோம் என்றது. கூடவே, ப்ரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாகலாம் என்று ஒரு யோசனை. இந்த யோசனையை நம்பி நாசமாய்ப் போன ஞாயிற்றுக்கிழமைகள் இந்த நாட்டில் ஏராளம். அந்தக் கோப்பு பெரும்பாலும் ப்ரோகிராமோடு வருவதே இல்லை. மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று தனியாக ஒரு மூட்டை, அதற்குள் இருக்கிறது. மூட்டையை இறக்கி அவிழ்த்தால் தீர்ந்தது. கண்ட்ரோல் பேனலில் பார்த்தால் 2005, 2008, 2010, 2012, 2013 என்று வருடத்துக்கு ஒன்றாகவும், அதிலும் 32 பிட்டுக்கு ஒன்று 64 பிட்டுக்கு ஒன்று என்று ஜோடியாகவும் உட்கார்ந்திருக்கும். மாமா பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒரே பேர்ல இத்தனை எதுக்கு? பழசையெல்லாம் எடுத்துடலாமே" என்று மவுஸை நீட்டினார். ஒவ்வொன்றின் கையிலும் ஏதோ ஒரு ப்ரோகிராமின் உயிர் இருக்கிறது, தொடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

அடுத்தது வெறும் எண். பூஜ்யம், எக்ஸ், 8-0-0, பி, 0-1-0-1. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

எங்கள் சொசைட்டியில் கல்லெறிந்தால் கம்ப்யூட்டர் எஞ்சினியர் மேல்தான் விழும். வாட்ஸாப் குழுவில் போட்டேன். ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்றார்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக ரன் பண்ணுங்கள் என்றார்கள். மேக் வாங்குங்கள் என்று ஒரு புண்ணியவான். ஸ்க்ரம் மாஸ்டர் ஒருவர் நேரிலேயே வந்து, பிரச்சினையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தோம். எந்தத் துண்டும் திறக்கவில்லை.

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், மாமா திரையின் வலது மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முயற்சிக்கு முன் ராகுகாலம் பார்ப்பதற்காக, கிழமை தெரியுமோ என்று மவுஸைக் கொண்டுபோய்க் கடிகாரத்தின் மேல் வைத்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, இன்னிக்குச் செவ்வாய்தானே?"

"ஆமா, மாமா."

"இதுல வியாழன்னு போட்டிருக்கு. தேதி ஜனவரி ஒண்ணு, 2015."

நேரம் நிஜமாகவே சரியில்லை. மதர்போர்டில் எட்டணா நாணயம் போல ஒரு பேட்டரி உண்டு, சிஆர் 2032 என்று பெயர். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அது. செத்துப்போனால், மெயின் ஸ்விட்சை அணைத்த மறுகணம் கம்ப்யூட்டர் தான் தயாரான வருடத்துக்கு ஓடிவிடும். எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரின் மெயின் ஸ்விட்சை அணைப்பது மாமாவின் கடமை. மின்சாரம் விரயமாவதை அவர் பொறுக்கமாட்டார். இணையத்தைப் பார்த்து விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும்தான். ஆனால் வித்தியாசம் நிமிடக்கணக்காக இல்லாமல் வருடக்கணக்காக இருந்தால் அதுவும் பெரும்பாலும் கைகழுவிவிடும். நல்ல ப்ரோகிராம் என்று காட்டுவதற்கு இன்ஸ்டாலரில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், அந்தக் கையெழுத்தின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். 2015-ல் நின்றுகொண்டு பார்க்கிற கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காதவன் போட்ட கையெழுத்து. அந்த நீண்ட எண்ணுக்கு அர்த்தமும் அதுதான்: இந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரப்படி சான்றிதழ் செல்லும் காலத்துக்குள் இல்லை. இதை ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? குரோம் பிரவுசரோ, "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஜாதி. அதை எழுதியவருக்குப் புனேயில் உறவு இருக்க வேண்டும்.

"நான் அப்பவே சொன்னேனே" என்றார் மாமா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

பேட்டரியை முக்குக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். எதிர் ஃப்ளாட் ஆஜோபா, அதாவது மராட்டித் தாத்தா, விடவில்லை. எழுபது வயதுக்கு மேல் சதாசிவ் பேட்டை விட்டு மகனோடு இங்கே வந்தவர். எங்கள் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள் அவர் கைவண்ணம். ரிப்பேர் என்றால் தன் பழைய பேட்டைக்குத்தான் போகவேண்டும் என்றார். பழுது பார்க்கிறவரை லேசாக நினைக்காதே என்று காரில் ஏறியதும் பாடம் நடத்தினார். கைலாஷ் காட்கர் இந்த ஊரில் கால்குலேட்டர் ரிப்பேர் கடைதான் வைத்திருந்தார். தொண்ணூறுகளில் தம்பி சஞ்சய் வைரஸ் ஒழிப்பு ப்ரோகிராம் எழுத, அந்தக் கடை க்விக் ஹீல் ஆகி, 2016-ல் பங்குச் சந்தைக்கே போயிற்று. "உங்கள் ஹிஞ்சவடிக்காரர்கள் பிழை வந்தால் டிக்கெட் போடுவார்கள். எங்கள் பேட்டைக்காரர்கள் திருப்புளியை எடுப்பார்கள்" என்றார். நான் ஸ்டியரிங்கைக் கவனித்தேன்.

ஒன்று பத்துக்கு மூவரும் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஷட்டர் இறங்கியிருந்தது. ஒன்றிலிருந்து நாலு வரை கடை மூடியிருக்கும், கதவைத் தட்டினாலும் அதே பதில்தான் என்று பலகை. மதியத் தூக்கம் புனேயின் பிறப்புரிமை. சித்தளே பந்து பாக்கர்வடிக் கடை 2017-ல் மதியமும் திறந்திருக்கப்போகிறோம் என்று அறிவித்தது செய்தித்தாளில் வரும் அளவுக்குப் பெரிய சம்பவம்.

மாமா பலகையைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூணு மணிக்குத்தானே? இவங்க ஒரு மணிக்கே ஆரம்பிச்சுட்டாங்களே." ஆக, நாலு மணிக்குக் கடை திறந்தும் நாங்கள் நாலரை வரை ராகுகாலம் கழிய வெளியே நின்று, அதன்பின் உள்ளே போய் ஒரு பேட்டரி வாங்கினோம். கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வை அப்படியே ஒரு பலகைக்கு உரியது.

கடிகாரம் சரியானது. இன்ஸ்டால் ஆனது. ஐகானை இரட்டை க்ளிக் செய்தால் ஒரு பிள்ளையார் படம் வந்து, இமைக்கும் நேரத்தில் மறைந்தது. பிழைச் செய்திகூட இல்லை. இப்படி வாய்பேசாமல் சாகிற ப்ரோகிராம்தான் இருப்பதிலேயே கொடுமை. நல்லவேளை, தன் ஃபோல்டருக்குள் ஒரு பதிவுக் கோப்பை எழுதிவிட்டுச் செத்திருந்தது. திறந்து பார்த்தேன். சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் வரிசையாகக் கேள்விக்குறிகள். இப்படி ஒரு இடத்தைக் காணவில்லை என்று எழுதியிருந்தது.

விண்டோஸில் தனக்கென்று ஒரு கணக்கு வேண்டும் என்று கேட்டு, வந்த முதல் நாளே மாமா தன் பெயரை இனிஷியலோடு சுத்தத் தமிழில் அடித்திருந்தார். விண்டோஸும் மறுக்காமல் அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் போட்டது. அதற்கு யூனிகோட் தெரியும். 1991-ல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழுக்கு இடமுண்டு. ஆனால் ஜாதக ப்ரோகிராமின் அடிவயிறு அதற்கும் முந்தைய பழக்கத்தில் எழுதப்பட்டது. அந்தப் பழைய முறையில் விண்டோஸ் பல மொழிகளுக்கு எழுத்து அட்டவணை வைத்திருந்தது. ரஷ்யனுக்கு உண்டு, கிரேக்கனுக்கு உண்டு. தமிழுக்குக் கிடையாது, இந்திக்கும் கிடையாது. அட்டவணையில் இல்லாத எழுத்தெல்லாம் கேள்விக்குறி. கொம்புக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக வேறு. கடைசியில் விண்டோஸில் ஃபோல்டர் பெயருக்குள் வரவே கூடாத குறிகளில் ஒன்று, இந்தக் கேள்விக்குறி.

வேடிக்கை என்னவென்றால், திரையில் அந்த ப்ரோகிராம் முழுக்க முழுக்கத் தமிழ். லக்னம், நவாம்சம், திசாபுத்தி எல்லாம் கொட்டை எழுத்தில் வரும். ஆனால் அத்தனையும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த பழைய ஃபாண்ட் வித்தை. வாய் நிறையத் தமிழ், காதில் ஒரு எழுத்து ஏறாது. இந்திய எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இந்த ஊரில்தான் எவ்வளவோ வேலை நடந்தது. சூப்பர் கம்ப்யூட்டர் கட்டுவதற்காக 1988-ல் தொடங்கிய சி-டாக், 1991-ல் பரம் 8000-ஐ முடித்துக் கொடுத்தது. அதே நிறுவனம்தான் இந்திய எழுத்துகளுக்கான ஜிஸ்ட் தொழில்நுட்பத்தையும் இங்கிருந்து வளர்த்தது. அதெல்லாம் நடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று நான் மாமாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"கீழடியில பானை ஓட்டுல ஆதன்னு பேரைக் கீறி வெச்சிருக்கான், மாப்பிள்ளை. பானை ஏத்துக்கிட்டது. உங்க கம்ப்யூட்டர் ஏத்துக்காதா?"

பதில் என்னிடம் இல்லை. கணக்கின் பெயரை மாற்றினாலும் உள்ளே ஃபோல்டர் பெயர் பழையபடியே இருக்கும் என்பதால், ஆங்கிலத்தில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தேன். மாமா தன் பெயரில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். என் பெயரில் திறந்தேன். பிள்ளையார் வந்தார், இந்தமுறை நின்றார்.

செய்தி கேட்டு ஆஜோபா வந்து, பேரனின் பிறந்த நேரத்தைக் கொடுத்தார். மாமா பத்து விரலாலும் அடித்தார், ஜாதகம் வந்தது. ஆஜோபா பார்த்துவிட்டு, இது எந்தப் பஞ்சாங்கக் கணக்கு என்றார். லோகமான்ய திலகர் வெறும் அரசியல்வாதி இல்லை, 1893-ல் 'ஓரியன்' எழுதி வானியலை வைத்து வேதத்தின் வயதையே கணக்குப் போட்டவர். அவர் பெயரில் ஒரு பஞ்சாங்கம் இன்றும் இந்த ஊரில் நடக்கிறது, அதன்படி போடவேண்டும் என்றார். மாமா தன் குடும்பத்துக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான் என்றார். ப்ரோகிராமின் கணக்குமுறை மெனுவில் லாகிரி இருந்தது, ராமன் இருந்தது, கிருஷ்ணமூர்த்தி இருந்தது. இவர்கள் கேட்ட இரண்டும் இல்லை. ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு மராட்டி தெரியாது. பாதி இந்தியிலும் பாதி சமஸ்கிருதத்திலும் சண்டை மும்முரமாக நடந்தது. கடைசியில் இருவரும் என்னைப் பார்த்து ஒரே குரலில் பேப்பரும் பென்சிலும் கேட்டார்கள்.

கொடுத்தேன். சாப்பாட்டு மேஜைக்குப் போகிற வழியில் மாமா மெயின் ஸ்விட்சை அணைத்தார். யாரும் பார்க்காத கம்ப்யூட்டர் எதற்கு ஓடவேண்டும் என்றார்.