ஹெர்குலிஸும் பகீரதனும்

கேள்வி: ‘ஹெர்குலியன் டாஸ்க்’ என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, பலசாலியைத்தான் சொல்கிறார்களா? தமிழில் எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகர், இரத்தோட்டை

பதில்: ஆளை விட வேலையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். கிரேக்கர்களின் ஹெராக்ளீஸ்தான் ரோமர்களுக்கு ஹெர்குலிஸ். அவனுக்கு விதித்த 12 வேலைகளில் ஒன்று, வருடக்கணக்காக நாறிக் கிடந்த அரசனின் மாட்டுக் கொட்டிலை ஒரே நாளில் துப்புரவாக்குவது. மண்வெட்டியைத் தொடவே இல்லை, ஆற்றையே அதற்குள் திருப்பிவிட்டான்! ஆற்றைக் கொண்டுவந்தவன் நம்மிடமும் உண்டே. ஆகவே ‘பகீரதப் பிரயத்தனம்’ என்று தாராளமாக எழுதுங்கள். (பகீரதனிடம் இருந்தது புஜபலம் அல்ல, தவம். வெறும் உடல் வலுவுக்கு நமக்குப் பீமன் இருக்கிறான்.)

ஆனால் அலமாரியை நகர்த்தியதற்கெல்லாம் இந்தச் சொல்லைச் செலவழிக்க வேண்டாம். 1880இல் மாத்தளைக்கு ரயில் வருமுன், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி, கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்தார்கள் நம் முன்னோர். கொலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. இடுப்பில் பிள்ளையோடு நடந்து மாத்தளை வந்து சேர்ந்த தாயைக் கண்டால், ஹெர்குலிஸே எழுந்து நின்று வழிவிட வேண்டும்.