கருவுக்கு ஓட்டுரிமை இல்லை

மரக்காணம் அளத்தில் வாரிய உப்பை அப்படியே பொட்டலம் கட்டிச் சமையலுக்கு விற்க முடியாது, சட்டம் பிடிக்கும். கடைக்கு வரும்போது பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் அதில் இருந்தாக வேண்டும். ஏன் இத்தனை கறார்? கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றிவிடும். அதற்காக 2006 முதல் நாடு முழுக்க அயோடின் இல்லாத சமையல் உப்புக்குத் தடை. இன்னும் பிறக்காத பிள்ளையின் மூளைக்காக, கொளுத்தும் வெயிலில் உப்புத் தண்ணீரில் நிற்கிறவர் வரை விரல் நீட்டி எச்சரிக்கும் அரசு! கும்பிடத்தான் தோன்றுகிறது.

கும்பிட்ட கையை அங்கேயே வைத்துக்கொண்டு டாஸ்மாக் பாட்டிலைப் பாருங்கள். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று முன்பு எழுதியிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கிய வாசகம் இன்னும் தெளிவு: குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். கர்ப்பிணி பற்றி ஒரு சொல் கிடையாது. சரிதானே? கருவிலிருக்கும் பிள்ளை வண்டியும் ஓட்டாது, ஓட்டும் போடாது.

தாய் குடித்தால் சாராயம் நச்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. அதை முறித்து வெளியேற்றும் ஈரல் அதற்கு இன்னும் முற்றவில்லை. நினைவு, கவனம், கணக்கு, நிதானம் என மூளையின் எந்த அறையிலும் சாராயம் கை வைக்கும். அந்தக் கேடு ஆயுள் முழுக்கத் தீராது. இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவும் இல்லை. பலருக்கு முகத்தில் அடையாளமே இருக்காது. ஆகவே நம் பள்ளிக்கூடங்கள் அந்தப் பிள்ளைக்கு மக்கு, முரடு என்று இலவசமாகவே பட்டம் கொடுத்துவிடும். 1968-இல் பிரான்சிலும் 1973-இல் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் எழுதிவைத்த சேதி இது. அமெரிக்கா 1989 முதல் பாட்டிலிலேயே கர்ப்பிணிகளை எச்சரிக்கிறது. ஆஸ்திரேலியா 2018 முதல் 2028 வரைக்கும் இதற்கெனத் தேசியச் செயல்திட்டமே வகுத்துக்கொண்டது. அங்கெல்லாம் மூளை இருக்கிறது, பாதுகாக்கிறார்கள்.

நமக்கும் திட்டத்துக்குப் பஞ்சமா? 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை ஒரு பட்டியல் வைத்துக் கோளாறுகளைத் தேடுகிறது. கருவிலேயே மது தாக்கும் இந்தக் கோளாறு அந்தப் பட்டியலில் இல்லை. 2016 சட்டம் 21 வகை மாற்றுத்திறனை அங்கீகரிக்கிறது. அங்கேயும் இதன் பெயர் இல்லை. பெயரே இல்லாத பிள்ளைக்கு எந்த அதிகாரி பதில் சொல்வார்?

கேட்டால் ஒரு பதில் தயார்: “நம்ம பொண்ணுங்க குடிக்கிறதில்ல சார்.” தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் குடிக்கும் பெண்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் திண்ணையில், கணக்கெடுக்க வந்தவரிடம் எந்த மருமகள் ‘ஆமாம்’ என்பாள்? 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் ஆளைக் கொன்றபோது, செத்தவர்களில் பெண்ணும் உண்டு. பெண் குடிக்கமாட்டாள் என்ற கொள்கை பிணவறை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

அப்போது அரசு துடித்தது. முதல்வர் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கே வந்தார். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. மெத்தனால் என்றால் கொலை வழக்கு. எத்தனால் என்றால் வருவாய் இனம். 2024–25-இல் அந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். ஒரே ராத்திரியில் கொன்றால் குற்றவாளி. பிறப்பதற்கு முன்பே ஒரு மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தால் கஜானாவுக்குக் கண்கண்ட தெய்வம்.

இதற்காகக் குடிக்கிற பெண்ணைத் தெருவில் நிறுத்திக் கல்லெறியக் கிளம்பும் ஒழுக்கசீலர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கவும். அவளிடம் கிராமச் செவிலியர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ‘ஆமாம்’ என்றால் திட்டாமல் அழைத்துப்போகச் சிகிச்சை வேண்டும். பிறந்த பிள்ளையைச் சீக்கிரமே அடையாளம் கண்டு கைகொடுக்கப் பட்டியலில் ஒரு இடம் வேண்டும். பாட்டிலில் ஒரு வரி வேண்டும். 48,344 கோடியில் இதற்கான மைக்காசு தேறாதா?

அயோடின் இல்லாத உப்பை விற்றால் உப்புக்காரன் மேல் வழக்குப் பாய்கிறது. இந்த ஒரு வரி இல்லாத பாட்டிலுக்கு யார் மேல் வழக்குப் போடுவது? வாசகம் எழுதுவது டெல்லி அரசு, கடை நடத்துவது சென்னை அரசு, குற்றம் பிடிக்க வருகிற இன்ஸ்பெக்டருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கல்லாப்பெட்டி!