இடித்துக் காக்கும் வள்ளல்

பழைய வீடுகளைப் புதுப்பித்தருளும் காண்ட்ராக்டர் பெருந்தகையின் புகழை முழுதும் பாட வல்லார் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரிக்கு ஒரு கபிலர் வாய்த்தார். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பாடப் புலவர் கூட்டமே வந்தது. நூறாண்டுச் சுண்ணாம்புச் சுவர் ஒன்று பூச்சற்று வாடி நிற்கக் காணப் பொறாமல், கேட்காத முன்னமே மூட்டை மூட்டையாய்ச் சிமெண்டைச் சொரிந்தருளும் இந்த எட்டாம் வள்ளலுக்கு மட்டும் பாட்டு இல்லை. அந்தப் பழி தமிழுக்கு வேண்டாம் என்றே இச்சிறியேன் துணிந்தேன்.

வள்ளலின் ஆட்சி எங்கும் பரந்தது என்றாலும், அதன் தலைநகரம் செட்டிநாடுதான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த வீடுகள், பாவம், கட்டியவர்களின் அறியாமையால் சிமெண்டு இல்லாமலே நின்றுவிட்டன. சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். சென்னையிலேயே 1904-இல் அதைத் தயாரிக்க முயன்று பார்த்துவிட்டார்கள். இருந்தும் அந்தக் காலத்துக் கொத்தனார், சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு அரைத்து, முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து, மேல்பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வீணாய்ப் பொழுதைக் கழித்தார். அந்தச் சுவரில் இன்றும் முகம் தெரிகிறது. இத்தனை காலம் ஒரு பில்லும் போடாமல் நின்ற சுவரை எந்தப் பெருந்தகையால்தான் பொறுத்துக்கொள்ள முடியும்?

வள்ளல் வாசலில் திருவடி பதிக்கும் அழகே தனி. அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கேட்பதில்லை. மாடியில் மழைத்தண்ணீர் போகும் தூம்பை எட்டிப் பார்ப்பதில்லை. இவையெல்லாம் ஐயம் உடையவர்கள் செய்யும் வேலை. ஞானிகள் திண்ணையில் அமர்ந்தபடியே அறிவார்கள். மோர் வாங்கிக் குடித்து, அண்ணாந்து ஒரு முறை நோக்கி, "எல்லாத்தையும் எடுத்துருவோம் ஆச்சி" என்று திருவாய் மலர்வார். எவ்வளவு ஆகும் என்று வீட்டுக்கார ஆச்சி கேட்டால் ஒற்றைத்தாள் எஸ்டிமேட் ஒன்று அருளப்படும். அதன் சொற்சுருக்கத்துக்கு முன் திருக்குறளும் நாணும். சாரம் கட்டுவது அதில் இல்லை. ரப்பீஸ் அள்ளும் வண்டி இல்லை. பழைய வயரிங்கைப் பிடுங்கியபின் சுவரில் காடி வெட்டும் கூலி இல்லை. வெட்டிய காடியை அடைக்கும் கூலியும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கும் பேதைக்கு அவர் தரும் மகாவாக்கியம் ஒன்று உண்டு: "பழைய வீடு பாருங்க, தொறந்தாத்தான் தெரியும்."

திறந்தார்கள். தெரிந்தது. இனித்தான் வள்ளலின் கைவண்ணம்.

பழைய சுவரின் அடியில் ஈரத்தடுப்பு என்று ஒன்று கிடையாது. மண்ணின் ஓதம் செங்கல் வழியே கொஞ்சம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே காற்றோடு கலந்துவிடும். சுவர் இவ்வாறு ஊரார் அறியாமல் ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே உலர்த்திக்கொள்வதை ஒழுங்கீனம் என்று கண்ட வள்ளல், பூச்சை அடிவரை கொத்தியெடுத்து, சிமெண்டுப் பூச்சு பூசி, அதன்மேல் பட்டி பார்த்து, அதற்கும் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் இரண்டு கோட் அடித்து, ஓர் ஊசிமுனைத் துளையும் இல்லாதபடி சுவரை அடைத்தருளினார். தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அத்தனை வழவழப்பு!

ஐப்பசி மழை வந்தது. வெளியே போக வழியில்லாத ஓதம் மேலே போக வழி கண்டது. கார்த்திகையில் ஓர் அடி உயரத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. கொப்புளத்தை ஆச்சி விரலால் தொட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு, பஞ்சுபோல் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு உதிர்ந்தது. நூறாண்டாகச் சுவர் பூக்காத பூவை ஒரே ஆண்டில் பூக்கவைத்த அற்புதத்தை எந்தத் தோட்டக்காரர் செய்வார்? வள்ளலை அழைத்தார்கள். அவர் கலங்கவில்லை. பெரியோர் கலங்குவதில்லை. வாட்டர் ப்ரூஃபிங் கெமிக்கல் ஒரு வரிசை அடித்தார், அது தனி. மறுமழைக்கு ஓதம் இரண்டடி ஏறியது. நான்கடிக்குச் சுவரோடு டைல்ஸ் ஒட்டினார், அதுவும் தனி. ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் படியேறி, ஐந்தாம் அடியில் தலைகாட்டியது. இப்போது ஏழடிக்கு ஒட்டலாம் என்று திருவுளம். கூரைவரை ஒட்டிவிட்டால் அப்புறம் ஓதம் எங்கே தெரியும் என்ற அவருடைய தர்க்கத்தில் குறைகாண என்னால் ஆகவில்லை, உங்களாலும் ஆகாது.

மாடித்தளத்தில் அவர் காட்டிய கருணை இதனினும் பெரிது. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அந்தத் தளம். தேக்குக் கட்டைகளை வரிசையாய்க் கிடத்தி, அவற்றின்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் கோணலாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள். அந்தத் தளத்தில் ஒரு மூலையில் ஒழுகியது. தூம்பில் அரசிலைச் சருகு அடைத்து, தண்ணீர் தேங்கி, தட்டோட்டின் இடுக்கு விட்டிருந்தது. கைவிட்டுச் சருகை எடுத்து, இடுக்கில் சுண்ணாம்புச் சாந்தை அடைத்தால் ஒரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் ஒரு நாள் வேலை. வள்ளலின் பெருமைக்கு ஒரு நாள் வேலை அடுக்குமா? முழு மாடிக்கும் மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டருளினார்.

பத்துக்குப் பத்து அறையின்மேல் மூன்று அங்குலக் கான்கிரீட் என்றால் எடை ஏறத்தாழ 1,700 கிலோ. அதைத் தாங்கத் தேக்குக் கட்டையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சுவருக்குள் செருகியிருந்த கட்டை முனைகளில் இப்போது ஈரமும் நின்றது. ஈரம் நின்ற இடத்துக்குக் கரையான் வந்தது. கட்டை நடுவில் தொய்ந்தது. அந்தத் தொய்வைக் கீழிருந்து கண்டு வள்ளல் உதிர்த்த சொல்லைப் பொன்னேட்டில் பொறிக்க வேண்டும்: "அந்தக் காலத்து மரம் ஆச்சி, எத்தனை நாளைக்குத் தாங்கும்? இறக்கிட்டு ஆர்.சி.சி. போட்டுருவோம்." தானே நோயைத் தந்து, தானே மருந்தை விற்று, நோயாளியின் வயதையும் தானே குறைசொல்லும் முத்தொழிலும் ஒருவரிடமே அமைவது முன்னைத் தவத்தால் அன்றி வேறு எதனால்?

இறக்கிய மரத்தைப் பற்றி ஒரு சொல். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, வட்டிக்கடையும் நிலமும் அங்கேயே கிடக்க, உயிரோடு ஊர் திரும்பிய குடும்பங்கள் பல. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பர்மாவின் மிச்சம் என்று கையில் நின்றது வீட்டிலிருந்த தேக்குத்தான். தூணும் உத்தரமும், கஜலட்சுமி செதுக்கிய நிலையும் கதவுமாக நின்ற அந்தத் தேக்கில் ஜப்பானியப் படை கை வைக்க முடியவில்லை. வள்ளல் இரண்டு நடை குட்டியானை வண்டியில் அதை ஏற்றி முடித்தார். இனாமாக அல்ல, விறகு விலை போட்டு, கூலியில் கழித்துக்கொண்டார். பாருங்கள் அந்த நாணயத்தை! காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அத்தகைய நிலைக்கதவுகள் சுவரோரம் வரிசையாய்ச் சாய்ந்து நிற்கின்றன. அங்கிருந்து எந்த ஓட்டல் வரவேற்பறைக்கோ போய், எண்ணெய் போட்டு மெருகேறி, மேலே விளக்கு எரிய நிற்கும். பேரன் அங்கே தங்கினால், எங்கள் ஐயா வீட்டுக் கதவு மாதிரியே இருக்கிறதே என்று படமெடுத்து அனுப்பும் பாக்கியமும் அவனுக்கு உண்டு. கதவு எந்த வீட்டுக்குப் போனால் என்ன, போற்றப்பட்டால் சரி என்ற பரந்த மனம் வள்ளலுக்கு.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல் என்பது கண்ணாடித் தட்டில் கையால் வண்ணம் ஊற்றிச் செய்வது, சூளை காணாதது, வெறுங்கால்கள் நடக்க நடக்க மினுமினுப்பு ஏறுவது. மனிதர் காலடிபட்டு அழகாகும் பொருளை நம்பி வீடு கட்டலாமா? அதைப் பெயர்க்கக்கூடச் சிரமப்படாமல் அதன் தலையிலேயே டபுள் சார்ஜ் டைல்ஸ் ஒட்டினார். தரை உயர்ந்தது, மிச்சமிருந்த கதவுகள் இடித்தன, அவற்றின் அடியைச் சீவினார். வளவுத் தரையும் முற்றத்து ஓரமும் மட்டம் கெட்டு, மழைத்தண்ணீர் கூடத்துக்கு வழிந்தது. ஆகவே முற்றத்தையே பாலிகார்பனேட் ஷீட்டால் மூடினார். வெளிச்சமும் காற்றும் இறங்கிய இடத்தில் வெக்கை இறங்கியது, ஆகவே ஏ.சி. இரண்டு. மழைநீர் சேகரிப்பை 2003-இல் அரசு கட்டாயமாக்குவதற்குப் பல பத்தாண்டு முன்பே, ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் தண்ணீரை மூலைக்கொரு செப்புக் கிடாரம் வைத்துப் பிடித்த வீடு அது. இப்போது ஷீட்டில் விழும் மழை பி.வி.சி. குழாய் வழியே நேரே தெருவுக்குப் போகிறது. தண்ணீர் லாரிக்காரருக்கும் பிழைப்பு வேண்டாமா? ஆச்சி அந்த வழுக்கும் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பிடித்த இடத்தில் பூச்சு கையோடு வருகிறது. இரண்டு வேலைப்பாடும் இப்படி ஒன்றுக்கொன்று துணையாய் அமைவது திட்டமிட்டாலும் வாராது.

வள்ளலுக்கு நிகர் யாருமில்லை என்று சொன்னால் மிகையாகும் என்பார்கள். புதுச்சேரி மேரி கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். 1870-71-இல் எழுந்த அந்த நகர மண்டபத்தைக் கவனியாமல் விட்டே தரைமட்டமாக்கும் அரும்பெரும் முறையை அங்கே கையாண்டார்கள். ஆனால் பலன் கிட்ட 2014 நவம்பர் மழைவரை காத்திருக்க நேர்ந்தது. பழைய முகத்தோடு புதிதாய்க் கட்டி 2021-இல் திறந்தார்கள். நம் வள்ளலுக்கு மழையும் வேண்டாம், ஆண்டுகளும் வேண்டாம், அட்வான்ஸ் போதும். அதே 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் இன்னும் உத்தேசம். வள்ளலின் வேலை நிச்சயம். பழைய வீடு எப்படியிருக்கும் என்று குழந்தைகள் கேட்டால் கவலையில்லை. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்து வந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, இதுதான் முற்றம் என்று சுட்டிக்காட்டலாம்.

வீட்டுக்குடையவர்களையும் இங்கே வாழ்த்தாமல் விடுவது நன்றி கொன்றதாகும். பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில், தூம்பை அடைத்த சருகை எடுக்க ஆண்டுக்கு ஒரு ஆளை அனுப்பப் பத்துப் பேரும் ஒப்பவில்லை; அத்தனையும் பெயர்த்துப் புதிதாக்க ஒரே வாரத்தில் ஒப்பினார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, வாட்ஸப்பில் வந்த படத்தைப் பார்த்தே "சூப்பர்" என்று பணம் அனுப்பிய அந்த நம்பிக்கை இல்லாமல் வள்ளல் வள்ளலாகியிருக்க முடியாது. எஸ்டிமேட்டில் கண்ட தொகை மும்மடங்காய்க் கனிந்தபோதும் அவர்கள் கணக்குக் கேட்கவில்லை. கணக்கெழுதியே உலகாண்ட மரபில் வந்தவர்களை இப்படிக் கணக்கு மறக்கச் செய்ததும் வள்ளலின் சித்துதான். ரசீது வேண்டுமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, வேண்டாமென்றால் அதையும் மன்னித்தருள்வார்.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் பழைய வீடு இருக்கும், வள்ளல் வருவார். ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லி விடைபெறுகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கிழட்டுக் கொத்தனார் ஒருவர் அக்கம்பக்கத்தில் எங்கேனும் மிச்சமிருக்கக்கூடும். எக்காரணம் கொண்டும் அவரை வள்ளலுக்கு முன்னால் வீட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பார். மாடியேறித் தூம்பில் கைவிடுவார். சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்பு நீற்ற மட்டும் சில வாரம் அவகாசம் வேண்டும் என்பார். தேக்கில் கைவைக்க வேண்டாம், தரையைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் போடுங்கள் என்பார். அப்புறம் வீடு பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கும். வள்ளலுக்கு அங்கே வேலையே இருக்காது.