முதலில் அரங்கம், ஆட்டக்காரர் அப்புறம்

பெறுநர்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை.
பொருள்: திருவண்ணாமலைக்கு சர்வதேச ஹாக்கி அரங்கம் கோருதல்.

ஐயா,

எங்கள் ஊருக்கும் ஒரு ஹாக்கி அரங்கம் வேண்டும். அணி இருக்கிறதா என்று கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். இங்கே ஹாக்கி மட்டையோடு தெருவில் இறங்கினால், கிரிவலத்துக்கு ஊன்றுகோலா என்று விசாரிப்பார்கள். இதைவிட என்ன தகுதி வேண்டும்?

உங்கள் முறையைப் பார்த்துத்தான் கேட்கிறேன். 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தைப் புதுப்பித்தீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு விரித்த அதே வகைச் செயற்கைப் புல் இங்கே ஒரு வருஷம் முன்னதாகவே வந்து இறங்கியது. பாரிஸுக்குப் போன 16 பேரில்தான் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. டோக்கியோ அணியிலும் இல்லை. இரண்டு தடவையும் இந்தியா வெண்கலம் வாங்கியது, நாம் கைதட்டினோம். உட்கார்ந்து கைதட்ட இடம் வேண்டாமா? 2025 ஜூனியர் உலகக் கோப்பையை முன்னிட்டு மதுரையிலும் கட்டிவிட்டீர்கள். 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குக் கேப்டன் நம்ம வி. பாஸ்கரன்தான் என்று சில பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். காதில் வாங்காதீர்கள்.

ஒடிசாவும் ரூர்கேலாவில் 20,000 பேர் உட்காரும் பிர்சா முண்டா அரங்கத்தை 2023 ஜனவரியில், உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு திறந்தது. இந்தியா நியூசிலாந்திடம் ஷூட்-அவுட்டில் தோற்றுக் காலிறுதியையே பார்க்கவில்லை. ஆனால் ரூர்கேலா இருக்கும் சுந்தர்கர் மாவட்டம், அரங்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே திலீப் திர்க்கியைக் கொடுத்த மண். நமக்கு அப்படி ஒரு மண் கோவில்பட்டி. 2022 ஆசியக் கோப்பையில் ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் அங்கே தேறியவர்கள். அங்குள்ள ஹாக்கி விடுதி உங்களுடையதுதான். வழி தெரியாதவர்கள் என்று உங்களைச் சொல்ல முடியாது.

எங்கள் முன்னோருக்குத்தான் திட்டமிடத் தெரியவில்லை. அண்ணாமலையாரை அப்பரும் சம்பந்தரும் பாடியது ஏழாம் நூற்றாண்டு. 217 அடி ராஜகோபுரம் எழுந்ததோ பதினாறாம் நூற்றாண்டு. இத்தனை காலம் இந்தக் கோபுரம் இல்லாமலே சாமி கும்பிட்டிருக்கிறார்கள், பாவம்.

மண் தரையில் பழகிய பையன் பந்தை நிறுத்தும்போது, அது எங்கே துள்ளுமோ என்று மட்டையைக் கொஞ்சம் தூக்கியே பிடிப்பான். செயற்கைப் புல்லில் பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு வரும். மட்டைக்கு அடியிலேயே போய்விடும். தேர்வுக்கு வந்த அன்றைக்குத்தான் அந்தத் தரையை முதல்முறை மிதிக்கிறான் என்றால், அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அரங்கத்தை எத்தனை மாடி உயர்த்தினாலும் இது தீராது.

எங்கள் அரங்கம் வீணாகாது. கார்த்திகை தீபத்தன்று கார் நிறுத்தலாம்.

நிதி இல்லையென்றால் சின்னதாக ஒன்று கேட்கிறேன். மாதாமாதம் சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளர், ஐவர் ஆடும் அளவுக்குச் செயற்கைப் புல், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டைகள். திறப்பு விழா வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
அணி இல்லாத ஊரின் ரசிகன்